பச்சை வராத பிரிண்டர்

கடைக்காரர் ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார். இடது பக்கம் இருப்பது மலிவு, ஆனால் அதற்கு மை வாங்கியே ஓட்டாண்டி ஆகிவிடுவீர்கள். வலது பக்கம் இருப்பது விலை, ஆனால் மைத் தொட்டி உள்ளேயே இருக்கிறது. ஒரு முறை ஊற்றினால் மாதக்கணக்கில் ஓடும்.

லஸ்மினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வலது பக்கத்து பிரிண்டரின் விலைக்கு இடது பக்கத்தில் இருப்பது போல மூன்று வாங்கலாம். அவள் கணவனை விட்டுப் பிரிந்து, ஒரு லேப்டாப்பும் இரண்டு துணிப்பைகளுமாக ஜாவாவின் கெடிரி ஊரில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்த புதிது அது. அம்மா சுமீரா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சந்து முனையில் பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டரைப் போட்டுவிட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் அவளிடம் இருந்த தொகை இடது பக்கத்தைத் தாண்டாது.

கடையின் மூலையில் ரிப்பேர் மேஜை போட்டிருந்த யூனுஸ் ஒரு வழி சொன்னான். மலிவான பிரிண்டரையே வாங்குங்கள், அதன் மைப்பெட்டிகளில் ஓட்டை போட்டுக் குழாய் செருகி, வெளியே ஒரு மைத் தொட்டியை வைத்துத் தருகிறேன், பிறகு பாட்டில் மையை நீங்களே ஊற்றிக்கொள்ளலாம் என்றான். "இன்ஃபுஸ் போட்டுடலாம், எம்பாக். ஊர்ல பாதி வீட்டுல அதான் ஓடுது." அக்கா என்பதை அங்கே 'எம்பாக்' என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் டிரிப்ஸுக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும். மெல்லிய நான்கு குழாய்கள், நான்கு நிறம். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

வேலையை முடித்துவிட்டு யூனுஸ் அவளிடம் இரண்டு விஷயங்கள் சொன்னான். தொட்டியும் பிரிண்டரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தொட்டியை உயர்த்தினால் மை பாய்ந்துவிடும், தாழ்த்தினால் காற்று ஏறிவிடும். இரண்டாவது, வாரம் தவறாமல் ஒரு பக்கமாவது கலரில் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் அப்பா குஸ்னான் கடைக்குள் இல்லை. வாசலில் பார்க்கிங் சீட்டுக் கிழிப்பவரோடு பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சீட்டுக் கிழிக்கும் எவரைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். பெட்டியைத் தூக்க உள்ளே வந்தவர், குழாய்களைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்.

"இதுக்கு என்ன நோவு, டுக்? வாங்கும்போதே டிரிப்ஸ் ஏத்தி அனுப்புறாங்க?"

'டுக்' என்பது ஜாவாவில் பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுவது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த லஸ்மினிக்கு அந்தப் பெயரை வைத்துக் கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். அவள் அவரை 'பாக்' என்பாள்.

அன்றிலிருந்து பிரிண்டருக்கு 'நோயாளி' என்று பெயர் ஆயிற்று. காலையில் எழுந்ததும் "நோயாளி தூங்கிச்சா?" என்பார். காகிதம் மாட்டிக்கொண்டால் "நோயாளிக்கு மலச்சிக்கல்" என்பார். பள்ளிப் பிள்ளைகள் முன்னறையில் நெருக்கியடித்து நின்றால், பஸ் படிக்கட்டில் நிற்பது போல ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க, நடுவுல இடம் காலியா இருக்கு" என்று கூவுவார். பிள்ளைகள் சிரிக்கும். பக்கத்துத் தெருவில் இன்னொரு பிரிண்டர் கடை இருந்தும் அவை இங்கே வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

சிரிக்க வைப்பதோடு நிற்கவில்லை. லேப்டாப்பில் ஒரு படத்தைத் திறக்கவும், எண்ணிக்கை போட்டு பிரிண்ட் கொடுக்கவும் கற்றுக்கொண்டார். கல்யாண அழைப்பிதழ்களில் ஒட்டும் பெயர்ச் சீட்டுகளை அவர்தான் வெட்டுவார். ஸ்கேல் வைக்க மாட்டார். கத்தரிக்கோலை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். விளிம்பு நூல் பிடித்தது போல வரும். எப்படி என்று கேட்டால், ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக் கிழித்த கை, நிற்கிற வீட்டில் கோணலாகப் போகுமா என்பார்.

மை விஷயத்தில் மட்டும் லஸ்மினி யாரையும் நம்பவில்லை. எல்லாவற்றையும் மங்கலான சிக்கன அச்சில்தான் அடிப்பாள். எழுத்துகளை ஒல்லியாக மாற்றுவாள். கலரில் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், டீச்சருக்கு எழுத்துதான் முக்கியம், பூனையின் நிறம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். கலர் போட்டோ கேட்டு வருபவர்களை மெயின் ரோட்டு ஸ்டுடியோவுக்குக் கை காட்டுவாள். யூனுஸ் சொன்ன வாராந்தரக் கலர் பக்கத்தை முதல் மாதம் அடித்தாள். அப்புறம் அது வீண் செலவாகத் தோன்றியது. யாருக்கும் விற்காத பக்கத்துக்கு எதற்கு மை?

தொட்டியில் கறுப்பு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்றும் ஊற்றிய மட்டத்தில் அப்படியே நின்றன. அதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அம்மாவின் ஆயிரமாம் நாள் நெருங்கியது.

ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் எல்லாம் தாண்டி, இறந்தவருக்காக ஊரைக் கூட்டி ஓதும் கடைசி நாள் அது. அதோடு முடிந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் அச்சிட்ட ஒரு புத்தகம் கொடுத்தனுப்புவது வழக்கம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படமும் பெயரும் இருக்கும். புத்தகம் கடையில் தயாராகக் கிடைக்கும். படப் பக்கத்தை மட்டும் அச்சடித்து ஒட்டினால் போதும். அச்சாபீசில் கொடுக்கலாம் என்று அண்ணன் தர்மோனோ கடல் தாண்டி பாலிக்பாப்பானிலிருந்து போனில் சொன்னான். வீட்டில் பிரிண்டரை வைத்துக்கொண்டு வெளியே கொடுப்பதா என்று லஸ்மினி மறுத்துவிட்டாள்.

படத்தைக் குஸ்னான் தேர்ந்தெடுத்தார். தர்மோனோவின் கல்யாணத்தில் எடுத்தது. சுமீரா பாண்டான் என்னும் ரம்பை இலையின் பச்சையில், கெபாயா என்ற நீளக் கைச் சட்டை அணிந்து, யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்தத் துணி குஸ்னானே கடைக்குப் போய் எடுத்தது. வாழ்நாளில் அவர் மனைவிக்குத் தானாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரே துணி அதுதான். பஸ் நிற்கும் பத்து நிமிஷத்தில் ஓடிப்போய் வாங்கியதாகச் சொல்வார்.

லஸ்மினி முதல் பக்கத்தைக் கலரில் அடித்துப் பார்த்தாள். கெபாயா மஞ்சளாக வந்தது.

குஸ்னான் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "உங்கம்மா மஞ்சள் உடுத்தினதே இல்லையே, டுக்."

நீலம் அடைத்துவிட்டது என்று அவள் விளக்கினாள். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால்தான் பச்சை. பிரிண்டரையே கழுவிக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு கழுவலுக்கும் நான்கு நிறத்தையும் குடிக்கும், குடித்ததெல்லாம் அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகும். ஒரு முறை கழுவினாள். நீலம் வரவில்லை. தொட்டியில் கோடு இறங்கியதுதான் மிச்சம். போதும் என்று நிறுத்திவிட்டாள்.

"கறுப்பு வெள்ளையிலயே அடிச்சிடறேன், பாக். துக்க விஷயம்தானே. அதான் பொருத்தமாவும் இருக்கும்."

அவர் சரி என்றார். சற்றுப் பொறுத்து, எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருக்கட்டும், தனக்கு ஒன்றே ஒன்று மட்டும் பச்சையில் கிடைக்குமா என்று கேட்டார். ஒன்றுக்காகத் தொட்டியையே காலி பண்ண முடியாது, எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அதற்கும் சரி என்றார்.

மறுநாள் பக்கங்களை எல்லாம் அடித்து முடித்து, பிரிண்டர் பக்கத்திலேயே அடுக்கி வைத்தாள். அதோடு பள்ளிக்கூடத்து வேலை ஒன்றும் இருந்தது, ஒரு டீச்சரின் அறிக்கை, தடிமனாக.

ஓதலுக்கு முந்தின நாள் காலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் உதவிக்கு வந்து சமையலறையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருத்தி வெங்காயம் உரிக்க, ஒருத்தி ஆப்ப மாவு கரைக்க, வீடு இரைச்சலாக இருந்தது. லஸ்மினி தேங்காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கப்பலில் வந்து, பஸ் பிடித்து, அப்போதுதான் இறங்கியிருந்தான். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தான். இன்னொன்று காலில் இருந்தது. அவன் முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைத் தொட்டி மேஜையில் இல்லை. அலமாரியின் உச்சியில் இருந்தது. குழாய்கள் அங்கிருந்து பிரிண்டருக்குள் இறங்கின. தொட்டி காலி. அதிலிருந்த நான்கு நிறமும் பிரிண்டருக்குள் பாய்ந்து, நிரம்பி, வயிற்றுக்கு அடிவழியே வழிந்து, மேஜை முழுக்க ஓடி, அம்மாவின் படப் பக்கங்களை அடியிலிருந்து மேல்வரை நனைத்திருந்தது. டீச்சரின் அறிக்கை சேற்று நிறத்தில் ஊறிக் கிடந்தது. குஸ்னான் தரையில் மண்டியிட்டு, தன் சாரோங்கை அவிழ்த்து அதனால் துடைத்துக்கொண்டிருந்தார், வெறும் அரைக்கால் சட்டையோடு. இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலம்.

"யார் இதைத் தொடச் சொன்னது?" என்றாள் லஸ்மினி.

"கொஞ்சம் தூக்கி வெச்சேன், டுக். இறங்கட்டும்னு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவ்வளவு கேட்டிருக்காது. மை போச்சு, காகிதம் போச்சு, பிரிண்டர் போச்சு, டீச்சருக்கு நான் என்ன பதில் சொல்வேன், நாளைக்கு ஜனங்க கையில் எதைக் கொடுப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு பொட்டு மைக்கு நான் எப்படிக் கணக்குப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பாக், இந்த வீட்டுல நீங்க செய்யற பெரிய உதவி என்ன தெரியுமா? ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான்."

சமையலறையில் பேச்சு நின்றது. கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

குஸ்னான் துணியைக் கையில் பிடித்தபடி எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்து, "சரி, டுக்" என்றார். கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

தர்மோனோ கழற்றிய ஷூவை மறுபடி மாட்டினான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய், பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வந்தான். டீச்சர் வருத்தப்பட்டார், ஆனால் அங்கேயே மறுபடி அடித்துக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார். எல்லாம் ஒரு பகல் வேலையாக முடிந்துபோனது. அவ்வளவுதானா என்று லஸ்மினிக்கே இருந்தது.

மறுநாள் ஓதல் நன்றாக நடந்தது. முன்னறையில் பாய் விரித்து ஆண்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம். எல்லார் மடியிலும் சுமீரா சாம்பல் நிறக் கெபாயாவில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் இமாம் துஆ கேட்க, எல்லாரும் கைகளை ஏந்தினார்கள். நாற்பது ஐம்பது ஜோடி உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு ஜோடி மட்டும் நீலம். அந்த மை சோப்புக்குப் போகாது. லஸ்மினி கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். எல்லாரும் போகட்டும், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவோம் என்று நினைத்தாள்.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் இருந்தது, பாய் இருந்தது, மிச்ச ஆப்பத்தைப் பங்கு போட வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஒன்றும் சண்டை இல்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் எதைத் தொடுவதானாலும் கேட்டுவிட்டுத் தொட்டார். ஃபேனைப் போடலாமா, டுக்? இந்தச் செய்தித்தாளை எடுக்கலாமா? ஒரு சாயங்காலம் முன்னறை வாசலில் வந்து நின்று, உள்ளே காலை வைக்காமல், "அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் தர்றியா? நகம் வெட்டிட்டுக் குடுத்துடறேன்" என்றார். குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பாமல் சொன்னாள். அவர் குத்திக் காட்டவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. சொன்னபடி நடந்துகொண்டார், அவ்வளவுதான்.

தர்மோனோ கிளம்பும்போது, ஒரு மாதம் எங்களோடு வந்து இருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டான். அவர் லஸ்மினியிடம் வந்து போகட்டுமா என்று கேட்டார். பிரிண்டர் இல்லாமல் வருமானம் நின்றுபோயிருந்த நேரம்; ஒரு வாய் குறையும் என்று அந்தக் கணத்தில் அவள் மனத்தில் ஓடாமல் இல்லை.

"போயிட்டு வாங்க, பாக்" என்றாள்.

அவர் போன மறுவாரம் யூனுஸ் வந்தான். பிரிண்டரைக் கவிழ்த்தான், துடைத்தான், புது மைப்பெட்டி மாட்டினான், ஊதினான். பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டு சுவிட்சைப் போட்டான். லேப்டாப்பையும் இணைத்தான்.

யாரும் எதுவும் அழுத்தவில்லை. பிரிண்டர் தானாக ஒரு காகிதத்தை இழுத்தது.

மை கொட்டிய அன்று காலை யாரோ கொடுத்து, நடுவில் நின்றுபோயிருந்த வேலை இன்னும் வரிசையில் காத்திருக்கிறது என்றான் யூனுஸ். லஸ்மினி திரையை எட்டிப் பார்த்தாள். அம்மாவின் படம். எண்ணிக்கை ஒன்று. அவள் ஒருநாளும் தொடாத, மையை அதிகம் குடிக்கும் உயர்தர அச்சை அப்பா தேர்ந்தெடுத்திருந்தார். பிரிண்ட் கொடுக்க அவளே கற்றுக்கொடுத்ததுதான்.

காகிதம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதலில் கொண்டை. அப்புறம் நெற்றி, கண், அடக்கிய சிரிப்பு. கழுத்து வந்தது. கெபாயாவின் கழுத்துப் பட்டி வந்தது. பச்சை. அழுக்குப் படிந்த பச்சைதான், ஆனால் பச்சை. தோள் வருவதற்குள் உள்ளே ஏதோ கருகும் வாடை அடித்தது, விளக்கு அணைந்தது.

"நோயாளி போயிடுச்சு, எம்பாக்" என்றான் யூனுஸ். அவனும் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மோனோ போன் செய்தான். அப்பா சௌக்கியம், கை நீலம் போய்விட்டது, பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார், அந்த வேன் டிரைவரோடு அதற்குள் சிநேகம் என்றான். அப்புறம் ஏதோ நினைவு வந்து அவனாகவே சிரித்தான்.

"கப்பல்ல வரும்போது கேட்டேன், எதுக்கு பாக் அதைத் தூக்கி அலமாரி மேல வெச்சீங்கன்னு. என்ன சொன்னார் தெரியுமா? அம்மாவுக்கு டிரிப்ஸ் இறங்காதப்போ நர்ஸ் வந்து பாட்டிலை ஒரு கொக்கி மேல ஏத்தி மாட்டுவாங்களாம், உடனே இறங்குமாம். இதுவும் இன்ஃபுஸ்தானேன்னு ஏத்தினேன்னார். எனக்கு சிரிப்பு அடக்க முடியல, லஸ்."

அவன் சிரித்து முடிக்கும் வரை லஸ்மினி போனைக் காதில் வைத்திருந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அவள் பக்கத்தில் இல்லை. அவளுடைய கல்யாணம் உடைந்துகொண்டிருந்த காலம். இருந்தவர் அவர். எந்தப் பாட்டில் எப்போது இறங்கவில்லை, யார் வந்து ஏற்றி மாட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தொட்டியை உயர்த்தக் கூடாது என்று யூனுஸ் சொன்னதை அவள் ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. மையைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவள் மறுபடி அந்தக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதே இரண்டு வகையையும் காட்டி, அதே பேச்சைத் தொடங்கினார். அவள் பாதியில் நிறுத்தி வலது பக்கத்தைக் காட்டினாள். வளையலை விற்ற பணம் கையில் இருந்தது. யூனுஸ் பெட்டியை வண்டியில் கட்டிக் கொடுத்தான். தொட்டி உள்ளேயே இருப்பதால் இதை யாரும் தூக்கி வைக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புது பிரிண்டரில் முதலில் அம்மாவைத்தான் அடித்தாள். உயர்தர அச்சு, பளபளக்கும் தாள். பாண்டான் இலையைக் கையில் வைத்து ஒப்பிட்டாள். முதல் தாளில் பச்சை கொஞ்சம் நீலமாகப் பட்டது. இன்னொன்று அடித்தாள். அது சரியாக வந்தது. அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி பாலிக்பாப்பானுக்கு அனுப்பினாள். கூட ஒரு வரி எழுத நினைத்து, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வெறும் படத்தைத்தான் அனுப்பினாள்.

அது முதல் திங்கட்கிழமை தோறும் கலரில் ஒரு பக்கம் அடிக்கிறாள். யாருக்கும் விற்காத பக்கம்தான். எதையாவது அடிக்க வேண்டும், அதனால் அம்மாவையே அடிக்கிறாள். பச்சையில் இரண்டு நிறம் ஓடிவிடும், உதட்டில் மற்றொன்று.

ஒரு மாதம் என்று போனவர் நோன்பு மாதம் தொடங்கியும் வரவில்லை. பெருநாளுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றான் தர்மோனோ.

பெருநாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் முழங்காலில் தலை வைத்து மன்னிப்புக் கேட்கும் நாள் அது. அண்ணன், அண்ணி, பேரன் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு போன் அப்பாவிடம் வந்தது. புதுச் சட்டை போட்டிருந்தார். லஸ்மினி நாற்காலியை விட்டுக் கீழே தரையில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளியில செஞ்சது, மனசுல நினைச்சது எல்லாத்துக்கும் மன்னிச்சிடுங்க, பாக்."

அதே வார்த்தைகளைத்தான் அன்று காலை அவள் பால்காரரிடம் சொன்னாள், எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள், டீச்சரிடம் சொன்னாள். ஊரே ஊரிடம் சொல்லும் வார்த்தைகள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, அவை தான் சொல்ல நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று. அவரும் வழக்கப்படி, "நானும் வயசானவன், என்னையும் மன்னிச்சிடு, டுக்" என்றார். எல்லாருக்கும் அவர் சொல்லும் பதில் அது.

பிறகு படம் வந்தது என்றார். பச்சை அச்சாக அப்படியே இருக்கிறதாம். கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறாராம். சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மை நிறையப் போயிருக்குமே?"

"இல்ல, பாக். போகல."

"எப்படிப் போகாம இருக்கும்? அவ்வளவு பச்சை."

புது பிரிண்டர் வாங்கியதை அவள் சொன்னாள். நல்லது என்றார். தர்மோனோ வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தான் அந்தப் பக்கம் போவதில்லை என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

எப்போது வருகிறீர்கள் என்று அவள் கேட்டாள். வரலாம், வரலாம் என்றார். பேரனின் பள்ளிக்கூடம், வேன் டிரைவர், பக்கத்து மசூதியில் செருப்பு அடுக்கும் வேலையைத் தன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல அவளைப் பார்த்தார்.

"அங்க வந்து நான் என்ன பண்ணட்டும், டுக்?"

லஸ்மினி முன்னறையைப் பார்த்தாள். மேஜையில் அழைப்பிதழ்ச் சீட்டுகள் பாதி வெட்டுப்படாமல் கிடந்தன. மேலே கத்தரிக்கோல். ஓடுகிற பஸ்ஸில் பழகிய கை என்று அவர் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. நிற்கிற வீட்டில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் அவள் வெட்டிய ஒரு சீட்டுகூட நேராக வரவில்லை.

"சீட்டு வெட்டணும், பாக்" என்றாள். "எனக்குக் கோணலாவே போகுது."

அவர் யோசித்தார். அவளுக்கு உதவ வேண்டும் என்ற அக்கறை முகத்தில் அப்படியே இருந்தது.

"ஸ்கேல் வெச்சு வெட்டு, டுக்" என்றார். "நேரா வந்துடும்."